மீதி புதன்கிழமை

"படத்தோட பேரைச் சொன்னா உங்களுக்கு என்ன சார் கொறஞ்சு போயிடும்?"

பொன்னி கேட்டே விட்டாள். அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில், டயாலிசிஸ் முடிந்து கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பிரேம்நாத் சிரித்தான்.

"அத மட்டும் கேக்காதம்மா. மீதி புதன்கிழமை."

"பாத்தியாம்மா?" என்றார் அப்பா அப்பாதுரை. "அந்தப் பொண்ணு நடு ஆத்துல கீறா. படகுல ஓட்டை. தண்ணி ஏறிக்கினே இருக்குது. அப்போ பாத்து டப்புனு நிறுத்திட்டாரு."

பொன்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாகறல் வயலில் ராத்திரி ஒத்தையாகத் தண்ணீர் பாய்ச்சிய அப்பா, இந்த மெஷினைக் கண்டால் மட்டும் நடுங்குவார். முதல் தடவையே பிரஷர் இறங்கி, கண் மேலே செருகிவிட்டது. அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"என்ன உட்டுடு பொன்னி. செத்தாலும் வூட்டுலயே சாவறேன்."

டயாலிசிஸை விட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதிகமில்லை. அம்மா போன பிறகு வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டே பேர். திங்கள், புதன், சனி என்றால் விடியும்போதே அவளுக்கு ஒரே கேள்விதான். இன்றைக்கு எழுந்து வருவாரா, மாட்டாரா?

இந்த லட்சணத்தில்தான் இந்தப் பிரேம்நாத் வாய்த்தான். பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். வருஷக்கணக்காக இதே கட்டிலில் படுத்து எழுந்து போகிறவன். ஒருநாள் செல்போனை அப்பா பக்கம் திருப்பினான்.

"கார்ட்டூனா? நான் இன்னா கொயந்தையா தம்பி?"

"பெரியவங்களுக்குன்னே ஜப்பான்காரன் எடுத்தது ஐயா. அனிமேன்னு சொல்வாங்க. கண்ணு இவ்ளோ பெருசா இருக்குதேன்னு பாக்காதீங்க. கதைய பாருங்க."

ஆளுக்கு ஒரு காதில் இயர்போன். படத்தில் ஜப்பான் பாஷையில் பேசப் பேச, கீழே ஓடும் இங்கிலீஷைப் படித்துப் பிரேம்நாத் மெதுவாகத் தமிழில் சொல்வான். அக்கரையில் தொலைந்துபோன தம்பியைத் தேடி ஒரு பெண் படகோட்டிக்கொண்டு போகிற கதை. "இன்னாபா, கண்ணீரு நெல்லிக்கா சைசுல வுழுவுது!" என்று சிரித்த அப்பாதுரை, கொஞ்ச நேரத்தில் துண்டை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்லதுதானே என்று முதலில் பொன்னியும் நினைத்தாள். ஆனால், நாலு மணி நேரம் படுத்திருந்தாலும் ஒரே ஒரு பாகம்தான் போடுவான். அதுவும் கிளம்புகிற நேரத்தில். சரியாக உயிர் போகிற இடத்தில் அது முடியும். அடுத்ததைப் போடச் சொன்னால், மீதி அடுத்த வாட்டி என்பான்.

வீட்டுக்கு வந்தும் அப்பாவுக்கு அதே நினைப்பு. தூக்கத்தில், "படகத் திருப்பும்மா!" என்று கத்தினார். பொன்னி அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் பார்த்தால் பிரஷர் எகிறியிருந்தது. அவளும் செல்போனில் தேடிப் பார்த்தாள். ஜப்பான் படகு என்று போட்டால் மீன் பிடிக்கிற வீடியோவாக வந்து தொலைத்தது.

இன்றைக்கு விடுவதில்லை என்றுதான் நேராகக் கேட்டாள்.

"பேரு தெரிஞ்சா வூட்டுலயே முழுசும் போட்டுக் காட்டிடுவேன். அவருக்கும் நிம்மதி. ஒடம்பு முடியாதவர இப்படி பயமுறுத்தி வெளயாடறீங்களே, மனசாட்சி இருக்குதா உங்களுக்கு?"

பிரேம்நாத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இருக்குதும்மா. ஆனா பேரைச் சொல்ல மாட்டேன்."

பொன்னி விடுவிடுவென்று நர்ஸ் கலாவதியிடம் போனாள்.

"எங்கப்பாவுக்கு வேற கட்டில் குடுங்க சிஸ்டர். அந்த ஆளு பக்கத்துல வேணாம்."

"சரிம்மா. புதன்கிழமை மாத்திடறேன்."

புதன்கிழமை விடியும்போதே மழை கொட்டியது. ராத்திரியெல்லாம் அப்பாவுக்கு வாந்தி. கால் வேறு வீங்கியிருந்தது. இன்றைக்கு நிச்சயம் வர மாட்டார். கெஞ்சினாலும் வர மாட்டார். எழுப்பவே பயந்துகொண்டு பொன்னி கதவருகில் நின்றாள்.

"அப்பா..."

விளக்கைப் போட்டாள். பாய் காலியாக இருந்தது.

தோட்டத்தில் இல்லை. தெருவில் இல்லை. கிணற்றையும் எட்டிப் பார்த்தாள். குடைகூட எடுக்காமல் ரோட்டுக்கு ஓடினாள்.

பஸ் ஸ்டாப்பில், இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பாதுரை நின்றுகொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரமா நிக்கறது பொன்னி? பஸ்ஸு போயிடப்போவுது. அந்தப் பொண்ணு முழுகிட்டாளா இல்லியான்னு தெரிய வேணாமா?"

பொன்னி மழையில் நனைந்தபடி அப்படியே நின்றாள்.

வார்டுக்குள் நுழைந்ததும் கலாவதி கூப்பிட்டாள்.

"ஜன்னல் பக்கம் கட்டில் காலியா இருக்குது. மாத்திடலாமா?"

"வேணாம் சிஸ்டர். அங்கயே இருக்கட்டும்."

அப்பாவைப் படுக்க வைத்துவிட்டுப் பிரேம்நாத்திடம் போனாள்.

"மன்னிச்சுடுங்கண்ணா. பேரு தெரிஞ்சா வூட்டுலயே பாத்துடுவாரு, அப்புறம் இங்க வர மாட்டாருன்னுதானே சொல்லல? புத்தி கெட்டுப்போய் என்னென்னவோ பேசிட்டேன்."

"பரவால்லம்மா."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாகிட்ட மூச்சு உட மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்கண்ணா. அந்தப் பொண்ணு பொழைச்சுக்குவாளா?"

அதற்குள் கலாவதி ஊசியோடு வந்துவிட்டாள். பிரேம்நாத் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மற்றக் கையால் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டான். இத்தனை வருஷமாகியும் அவனுக்குப் பயம் போகவில்லை என்பதைப் பொன்னி அப்போதுதான் பார்த்தாள்.

"தெரியாதும்மா" என்றான், கண்ணைத் திறக்காமலே. "நானும் இன்னும் பாக்கல. பாத்து முடிச்சிட்டா, நான் எப்படி இங்க வருவேன்?"