குளியலறைக் கண்ணாடியின் புகார்

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு எஸ்தருக்கு ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன. அதனால் தொட்டாலே தோல் கன்றிப்போனது. ஒருநாள் குளித்துவிட்டு எழும்போது தலை சுற்றியது. கணவர் தேவசகாயம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். மறுநாள் காலை அவருடைய ஐந்து விரல்களும் அங்கே கருநீலமாகப் பதிந்திருந்தன.

பெண்களை யாரும் அடிக்கிறார்களா என்று கண்காணிக்க எல்லா வீடுகளிலும் அரசு பொருத்தியிருந்த கண்ணாடிகளைப் போலவே, அந்தக் குளியலறைக் கண்ணாடியும் காயத்தைப் பார்த்துக் காவல் நிலையத்துக்குப் புகார் அனுப்பியது. பெண் காவலர் ஒருத்தி வந்தாள்.

"சினைப்பையில கேன்சரும்மா எனக்கு. மருந்து இப்படிப் பண்ணுது. விழப் பாத்தேன், இவுக பிடிச்சாக," என்றாள் எஸ்தர்.

"எல்லா வீட்லயும் விழப் பாத்தேன்னுதான் சொல்லுதாக. விரல் தடம் இவரோடதுதானே? பத்து நாள் வெளிய இருக்கட்டும். அப்பவும் காயம் வந்தா நீங்க சொல்றது நெசம்."

தேவசகாயம் சட்டையை மாட்டிக்கொண்டே மனைவியைப் பார்த்தார். "நாப்பது வருசத்துல ஒரு அடி அடிச்சிருந்தா இப்ப மனசாவது ஆறியிருக்கும், ஏட்டி."

அன்று மதியமே மருத்துவமனையில் எஸ்தருக்குத் தட்டணு ஏற்றினார்கள். உடம்பு தேறட்டும் என்று அடுத்த கீமோவையும் தள்ளிவைத்தார்கள்.

தினமும் காலையில் அவள் கண்ணாடி முன் நின்று புதிய கன்றலைத் தேடினாள். பழையவை மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தன. எட்டாம் நாள் கதவில் முழங்கையை ஓங்கி இடித்தாள். வலித்தது. கன்றவில்லை.

பதினோராம் நாள் அந்தப் பெண் காவலர் வந்து எஸ்தரின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படித் தெளிஞ்சிருச்சு பாத்தீகளா. இனி பயப்படாதீகம்மா. அவரை இந்த வீட்டுப் பக்கமே விடமாட்டோம்."