மஞ்சள் பூச்சி

மே மாதத்து மாலை வெயில் ராரிட்டன் ஆற்றின் மேல் சாய்ந்து கிடக்கிறது. வருடமெல்லாம் தண்ணீருக்கடியில் ஒளிந்திருந்த பூச்சிகள் மஞ்சள் மஞ்சளாய் மேலே வந்து சிறகை விரிக்க, அவற்றை விழுங்க டிரவுட் மீன்கள் ஆறெங்கும் 'களக், களக்' என்று வாயைத் திறக்கின்றன. ரப்பர் கால்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான் நஞ்சுண்டன். மூன்று வசந்தமாக எடிசன் நகரிலிருந்து மீன் பிடிக்க வருகிறான். ஒரு மீன்கூடச் சிக்கியதில்லை. மீனை ஏய்க்கக் கடையில் விற்கும் பொய்ப்பூச்சி எதுவும் இந்த மஞ்சளுக்குப் பொருந்தாததால், நேற்று நூலைச் சுற்றித் தானே ஒன்றைக் கொக்கியில் கட்டினான். நூல் எங்கே கிடைத்தது என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். தூண்டில் நரம்பு காற்றில் இரண்டு முறை வளைந்து போய் விழுகிறது. அவனுடைய பூச்சி நிஜப் பூச்சிகளோடு மிதந்து வருகிறது. களக்! கோல் வில்லாய் வளைகிறது. கரையில் அவன் பேஜருக்கும் காபி ஃபிளாஸ்க்குக்கும் காவலிருந்த மனைவி வள்ளி எழுந்து ஓடி வருகிறாள். "ஏனுங்க, வுட்றாதீங்க! லைனை லூஸ் பண்ணுங்க... ஐயோ, இழுங்க!" மீன் துள்ளுகிறது, நரம்பு சீறுகிறது, வள்ளி முழங்கால் நனைய ஆற்றில் இறங்கியே விட்டாள். ஒருவழியாக வலைக்குள் சிவப்புப் புள்ளிகள் மின்ன அது கிடக்கிறது. "எத்தனை அழகுங்க!" என்று குனிந்தவள் அப்படியே நிற்கிறாள். மீனின் உதட்டில் மஞ்சள் பட்டு பளபளக்கிறது. "ஏனுங்க," குரல் மெதுவாக வருகிறது, "இது என்ற கல்யாணச் சேலைக் குஞ்சந்தானுங்களே?" நஞ்சுண்டன் மீனைப் பார்க்கிறான். அதுவும் அவனைப் போலவே வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.