மூன்றாவது கட்டம்

“பார்க்?”

“பெயர்ச்சொல்.”

“ஹெல்ப்?”

“வினைச்சொல்.”

“புக்?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “பெயர்ச்சொல்தானே?”

“அதென்ன தானே? அடிச்சுச் சொல்லு” என்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே அதட்டினார் கணவர். காலையிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் பரீட்சை மனைவிக்குத்தான்.

இன்று ஆங்கிலத்தில் தேறிவிட்டால் விசா கிடைத்து வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் அவள் போய்விடலாம். “இப்போதைக்கு அம்மா மட்டும் வரட்டும். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், வாய்க்கு ருசியா சாப்பிட்டு மாசக்கணக்காச்சு. அப்பாவுக்கு அப்புறம் பார்க்கலாம்” என்று போனில் சொல்லிவிட்டான் மகன். இலக்கணத்தில் கோட்டை விட்டால் கதை முடிந்தது. மறுபடி எழுத விடமாட்டார்கள்.

அவரே வாத்தியாராகிவிட்டார். அச்சகத்தில் ஆங்கிலப் பிழை திருத்தியே தலை நரைத்தவர் வீட்டில் இருக்கும்போது வெளியாள் எதற்கு?

“ஏங்க, பெயர்ச்சொல், வினைச்சொல்லுக்கு அப்புறம் ‘இரண்டும்’னு மூணாவதா ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு?”

“ஆளைக் கவிழ்க்கறதுக்கு! ஒரு வார்த்தைக்கு ஒரு வேலைதான். நீ அந்தக் கட்டத்துப் பக்கமே போயிடாதே.” கைப்பேசியை எட்டிப் பார்த்தார். “கிளம்பு கிளம்பு. கார் புக் பண்ணிட்டேன், கீழ வந்து நிக்குது.”

அவள் அவரையே ஒரு நொடி பார்த்தாள். பிறகு அவர் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தேர்வு மையத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் மறைந்ததும் அவரால் உட்காரவே முடியவில்லை. வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தண்ணீர் குடித்தார். குடித்ததை மறந்து மறுபடியும் குடித்தார்.

“உட்காருங்க சார். உள்ள என்ன பிரசவமா நடக்குது?” என்று காவலாளி கிண்டலடித்தார். கணவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தது. முடிவை உள்ளேயே திரையில் காட்டிவிடுவார்கள்.

“என்னாச்சு?”

“போச்சு.”

முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள அவர் படாதபாடு பட்டார். “சரி விடு. பையன்கிட்ட நான் பேசிக்கறேன்” என்றார். “தப்பு என்னோடதுதான். நான் இன்னும் ஒழுங்கா சொல்லிக் கொடுத்திருக்கணும்...”

“பார்க், ஹெல்ப், புக்... எல்லாமே மூணாவது கட்டம்தான்.” அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மிச்சமிருந்த தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். “முதல் நாள்லேர்ந்தே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா தப்பாப் போட்டுட்டு வந்தே?”

“‘போகாதே’ன்னு சொல்ல உங்களுக்குத்தான் வாய் வரலையே!”