சூசைப்பிள்ளையின் வால்வு

"இஞ்சேருங்கோ, நாளைக்கு மட்டும் எங்கட றோட்டுக்குக் கொஞ்சம் கூடத் துறந்து விடுங்கோவன். மாப்பிள்ளை வீட்டாக்கள் வருகினமெல்லோ."

மக்டலின் இவ்வளவு தன்மையாகக் கேட்டதும் சூசைப்பிள்ளைக்கு உடம்பு கூசியது. எட்டு வருடமாக லிங்கநகர்த் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர். அதற்காக மனைவியிடம் இதுவரை வாங்கியதெல்லாம் ஏச்சுத்தான்.

அவரும் லேசுப்பட்டவர் அல்ல. அலுவலகத்தில் பெரியவர் முதல் பியோன் வரை எல்லோருக்கும் தலையாட்டுகிற மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே அதிகாரம், வால்வு திருகும் அந்த நீண்ட இரும்புச் சாவியில்தான் இருந்தது. அவள் ஏசிய நாட்களில், பாதி திறந்திருக்கும் தங்கள் தெரு வால்வை இரண்டு சுற்று இறுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் சைக்கிளில் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

நாளைய விஷயம் வேறு. மகள் இன்பமலருக்கு வந்திருப்பது நாலாவது சம்பந்தம். மூதூரிலிருந்து லாஞ்சிப் படகில் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். தண்ணீர்க்காரன் வீட்டில் கைகழுவத் தண்ணீர் இல்லையென்றால் இதுவும் அதே லாஞ்சியில் திரும்பிவிடும்.

நேர்மையை ஓரமாக வைத்துவிட்டு, விடிய எழும்பிப் போய் இடப்பக்கமாக நாலு சுற்றுத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தெருக்குழாய் காற்றைத்தான் விட்டது. மக்டலின் வெறுங்குடத்தோடு நின்றாள். லாஞ்சி வர இன்னும் இரண்டு மணித்தியாலம்.

துறைமுக டொக்யாட்டில் குழாய் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு அபூதாஹிரைக் கையோடு இழுத்துக்கொண்டு ஓடினார். அவர் வால்வுக் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது வெள்ளைக்காரன்ட நேவி வெச்ச வால்வு. மத்த வால்வு மாதிரி இல்ல. வலப்பக்கம் சுத்தினாத்தான் துறக்கும்."

சூசைப்பிள்ளை வலப்பக்கம் சுற்றினார். குழாய் இரைந்தது. எட்டு வருடமாகத் தான் இறுக்கியதெல்லாம் என்ன என்று யோசிக்கவே வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் முழுவதையும் ஒப்புக்கொண்டார்.

மக்டலின் நிரம்பும் குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் நான் கோவத்தில ஏசினனான் எண்டோ நினைச்சீங்கள்? உங்களை ஏசினாத்தான் தண்ணி நல்லா வரும் எண்டு இந்த றோட்டில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நல்ல நாளில ஏன் சண்டையெண்டு நேற்று மட்டும்தான் ஏசாம விட்டனான்."