டெஸ்மண்ட் இல்லாத சுவரொட்டி

கறுப்புத் துணியை இழுத்ததும் சுவரொட்டியில் தெரிந்த முகம் டெஸ்மண்டுடையது அல்ல.

அரங்கின் முன்கூடத்தில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள்.

இங்கிலாந்தின் கடலோர ஊரான கிரிம்ஸ்பியில் கிறிஸ்துமஸ் என்றால் பான்டோ என்னும் சிரிப்பு நாடகம். பான்டோ என்றால் டெஸ்மண்ட். பெரிய பாவாடையும் பொய் மார்பும் கட்டிக்கொண்டு, அரண்மனைச் சமையல்காரியாக வந்து, இருபது வருடமாக ஊரையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவன். இந்த வருடம் அந்த வேடத்தில், தொலைக்காட்சியில் கேக் சுடும் யாரோ ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“இவனா? இவன் மூஞ்சிக்குச் சிரிப்பு ஒரு கேடா?” என்றான் கெய்த். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். முதல் வரிசை இருக்கையை யாருக்கும் விட்டுத்தராதவன்.

கிளெண்டா கூட்டத்தின் ஓரத்தில் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள்.

சுவரொட்டியைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அடுத்த நொடியே அது எங்கோ போய்விட்டது. உட்கார்ந்தாள், எழுந்தாள். தேநீர் வாங்கினாள், ஒரு வாய்கூடக் குடிக்காமல் கண்ணாடிக் கதவோரம் வைத்துவிட்டு வந்தாள். நாலு பேர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

அவளை எல்லோருக்கும் தெரியும். நார்மனின் மனைவி.

ஒவ்வொரு வருடமும் டெஸ்மண்ட் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்குவான். “எங்கே என் ஆசை நார்மன்?” என்பான். விளக்கு வெளிச்சம் வரிசை வரிசையாகத் தேடி வந்து நார்மன் மேல் நிற்கும். மீன் சந்தையில் வேலை பார்த்த மனிதன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன், காது மடல் சிவக்க உட்கார்ந்திருப்பான். டெஸ்மண்ட் அவன் மடியில் தொம்மென்று விழுந்து, வழுக்கைத் தலையில் சிவப்பாக ஒரு முத்தம் பதிப்பான். அரங்கமே எழுந்து நின்று கூச்சல் போடும். பக்கத்து இருக்கையில் கிளெண்டா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

வீடு போய்ச் சேரும்வரை நார்மன் அந்தச் சாயத்தைத் துடைக்க மாட்டான்.

இந்த மார்ச் மாதம் அவன் மாரடைப்பில் போய்விட்டான்.

பான்டோ ரசிகர்களின் முகநூல் பக்கத்தை நடத்தும் ரோஸலின் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

“கேட்டியாடி சேதியை? அரங்கக்காரங்க அவனை வேணாம்னு சொல்லலையாம். ஐயாவே வரமாட்டேன்னுட்டாராம். காரணமும் சொல்லலை.”

“லீட்ஸ்லேர்ந்து கூப்பிட்டிருப்பாங்க,” என்றான் கெய்த். “பெரிய ஊர், பெரிய மேடை. நாமெல்லாம் இனிமே கண்ணுக்குத் தெரிவோமா?”

“நன்றி கெட்டவன். நார்மன் சாவுக்கே எட்டிப் பார்க்கலையே! நாம இத்தனை பேர் போனோம்,” என்றாள் ரோஸலின்.

கூட்டம் ஆமாம் போட்டது. சற்றுமுன் அரங்கத்தின் மேல் இருந்த கோபம் அப்படியே டெஸ்மண்ட் பக்கம் திரும்பிவிட்டது.

ரோஸலின் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். “கிளெண்டா, இதைப் பார்த்துப் பேசு. நார்மன் செத்த வருஷமே இப்படிப் பண்ணிட்டியேன்னு கேளு. நாங்க ஆயிரம் பேர் திட்டறது வேற. நீ ஒரு வார்த்தை சொன்னா அவன் ஜென்மத்துக்கும் தலை தூக்க மாட்டான்.”

செல்போன் திரையில் தன் முகம் தெரிந்தது. இவ்வளவு வயதாகிவிட்டதா என்று கிளெண்டாவுக்கு ஒரு கணம் தோன்றியது. சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. வருடக்கணக்காகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும், ரோஸலின் சொன்னது உண்மைதான்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

“டெஸ்மண்ட் துக்கத்துல இருக்கார்,” என்றாள். “அவரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க.”

“துக்கமா? யாரு செத்தது? கல்யாணமே ஆகாத ஒண்டிக்கட்டையாச்சே அவன்!”

 கிளெண்டா ரோஸலினின் கையை மெல்லத் தாழ்த்திவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

கடற்காற்று முகத்தில் அடித்தது. தெருமுனைவரை வேகமாக நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். கடைசியில் மூடியிருந்த ஒரு கடையின் வாசலில் ஒதுங்கி, கைப்பையிலிருந்து நார்மனின் செல்போனை எடுத்தாள். டெஸ்மண்டின் எண் அதில்தான் இருந்தது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். மூச்சு மட்டும் கேட்டது. அவன் திரையில் இப்போது யார் பெயர் தெரிகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“பயப்படாதீங்க. நான் கிளெண்டா.”

“மன்னிச்சிடு கிளெண்டா,” என்றான். மேடையில் கேட்ட குரலே இல்லை. “அந்த மேடையிலேர்ந்து இறங்கி, நான் யார் மடியில போய் உட்காருவேன்?”

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“அன்னிக்கு மயானத்துக்கு எதிர்ல, பஸ் ஸ்டாப்ல நனைஞ்சுகிட்டு நின்னீங்க. பஸ்ஸையெல்லாம் விட்டுட்டு நின்னீங்க. கார்லேர்ந்து பார்த்தேன். கூப்பிட மனசு வரலை. கோபம்.”

மறுமுனையில் விம்மல் கேட்டது. அது அடங்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் தைரியம் போய்விடும்.

“சாம்பல் இன்னும் எங்கிட்டதான் இருக்கு டெஸ்மண்ட். பாதி உங்களுக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க.”