ஆரஞ்சு நிறக் கருப்புப் பெட்டி

வேனில் அத்தனை சீட்டு காலியாக இருந்தும், பாஞ்சாலை தன் கொழுந்தனார் கார்த்திகேசன் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தாள். பின்சீட்டில் அதே தெருப் பெண்கள் நாங்கள் நாலு பேர். எட்டுக் கண்ணும் அங்கேதான்.

அவள் புருஷன் நடராசன் கடலோடு போய் நாலு மாசம்தான் ஆகிறது. சுனாமிக்கு அப்புறம் வெள்ளைக்காரத் தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த ஃபைபர் போட்டில் அண்ணனும் தம்பியும் போனார்கள். தம்பி மட்டும் திரும்பி வந்தான். அலை அடித்ததாம், அண்ணன் விழுந்துவிட்டாராம்.

"கடைசியா என்னா சொன்னாரு?" என்று பாஞ்சாலை அவனைக் கேட்காத நாளில்லை.

"ஒண்ணும் சொல்லல அண்ணி" என்பான், தரையைப் பார்த்து.

கேட்டுக் கேட்டு ஓய்ந்தவள், இந்த மாசம் அவனுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்ப ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்குப் புரியாதா என்ன!

இந்தப் பயணத்துக்கும் மகளிர் குழுவில் அடி போட்டவள் இவள்தான். பெரிய முதலியார்சாவடியில் விமானப் படையில் ரிட்டயரான ஒருத்தர் தோப்புக்குள்ளே சின்னதாக விமான மியூசியம் வைத்திருக்கிறார். மகள் யுவராணிக்குக் காட்டணும், துணைக்குத் தம்பி வரணும், நீங்களும் வாங்க என்றாள். எங்களையும் கூப்பிட்டதுதான் அதிசயம்.

வேன் முழுக்க டிஞ்சர் வாசனை. பாஞ்சாலை காலில் வெள்ளை வெளேரென்று கட்டு. உப்பளக் கூலிக்குப் போனால் கால் கிழியத்தான் செய்யும். நாங்கள் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு மிதிக்கவில்லையா?

"ஆஸ்பத்திரிக் கட்டா இருக்குதே, யாரு வாங்கியாந்தது?" என்றாள் ஜெயா, கார்த்திகேசனைப் பார்த்துக்கொண்டே.

"இருந்துச்சு, கட்டிக்கினேன்" என்றாள் பாஞ்சாலை.

மியூசியம் என்று பேர்தான். இறக்கை இல்லாத ஒரு விமானம், துருப்பிடித்த ஒரு காத்தாடி, கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பெட்டி.

"இதுதான் கருப்புப் பெட்டி" என்றார் மீசைக்கார சார்.

"ஆரஞ்சால்ல இருக்குது!" என்றாள் ஜெயா.

"பேருதாம்மா கருப்பு. தேடறப்ப பளிச்சுன்னு தெரியணும்னு இந்தக் கலரு. உள்ள இருக்கறவங்க கடைசியா பேசினது மொத்தமும் இதுல பதிவாயிடும். ஆளு செத்தாலும் பெட்டி பேசும்."

யுவராணி துள்ளினாள். "சித்தப்பா, நம்ம போட்டுலயும் இதே கலர்ல பெட்டி இருக்குதே!"

இருக்கத்தான் இருந்தது. தொண்டு நிறுவனம் கொடுத்த போட் எல்லாவற்றிலும் பின்பலகைக்கு அடியில் ஸ்குரு போட்டு வைத்த ஒரு பெட்டி. மேலே ஒட்டியிருந்த காகிதம் முதல் மாசமே உப்புத் தண்ணீரில் கரைந்து போச்சு. பிரித்தால் போட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட, எங்கள் ஊர் ஆம்பளைகள் ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை.

"போட்டுலயும் இதை வப்பாங்களாங்க?" என்று பாஞ்சாலை மெதுவாகக் கேட்டாள்.

"இப்பல்லாம் பெரிய கப்பல்ல வக்கிறாங்கம்மா" என்றார் சார்.

பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத கார்த்திகேசனுக்கு அன்றைக்கு அறிவு ஊற்றெடுத்தது. "தீயில போட்டா எரிஞ்சிடுமா சார்?"

"எரியாது."

"கடல்ல போட்டா?"

"அடியில கிடந்தும் ஒரு மாசம் சத்தம் குடுக்கும். தேடி வந்துடுவாங்க."

"உப்புச் சேத்துல?"

சார் சிரித்தார். "உப்பு எதைத்தாம்ப்பா விட்டு வச்சுது?"

"வேலைக்கே சேந்துடுவான் போல" என்று ஜெயா என் விலாவில் இடித்தாள்.

மூணு மணிக்கு ஊர் திரும்பினோம். நாலு மணிக்கு நாங்கள் குழாயடியில் நிற்கும்போது, கார்த்திகேசன் தோளில் சாக்கும் கையில் மண்வெட்டியுமாக உப்பளப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனான். பின்னாலேயே பாஞ்சாலை நொண்டிக்கொண்டு வந்தாள்.

"பாத்தியாண்ட போயிட்டு வரேன்" என்றாள், யாரும் கேட்காமலே.

விடுவோமா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு பேரும் பின்தொடர்ந்தோம். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்!

கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியலுக்குப் பின்னால் கார்த்திகேசன் இடுப்பளவு பள்ளத்தில் நின்று சேற்றை வாரிக்கொண்டிருந்தான். கரையில் கிடந்த சாக்கின் வாயில் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது. பாஞ்சாலை அவன் தலைக்கு மேலே நின்றிருந்தாள்.

நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். மண்வெட்டி நழுவியது.

"போட்டு யாரு பேர்லன்னு பேச்சு வந்துச்சு அண்ணி... துடுப்பால ஒரே அடிதான்... சத்தியமா ஒரே அடி..."

"கடைசியா என்னா சொன்னாரு?"

அவன் சாக்கைப் பார்த்து விம்மினான். "தண்ணியில கெடந்து கைய நீட்னாரு. 'தம்பி, தூக்குடா'ன்னாரு. நான் இஞ்சினைப் போட்டுக் கெளம்பிட்டேன். அதான் அந்தப் பெட்டியிலயே இருக்குதே அண்ணி, எல்லாந்தான் இருக்குதே!"

பாஞ்சாலை குனிந்து காலில் நெகிழ்ந்திருந்த கட்டை இறுக்கி முடிந்தாள்.

"அதுல பஞ்சும் டிஞ்சரும்தான் இருந்துச்சு, தம்பி."