அம்மிக்கு மட்டும் அழைப்பு

சத்தியம், சத்தியம்! இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

அம்மி மிதிக்கும் சடங்குக்காக அம்மியை அழைக்க, கல்யாண வீட்டுக் குங்குமச்சிமிழ் வந்தது.

“அம்மியக்கா, நீங்க அவசியம் வரணும்.”

“அவரு?” என்று தன் மடியில் கிடந்த குழவியைப் பார்த்தது அம்மி.

“மேடையில இடம் கம்மிக்கா. மாமா உருண்டுகிட்டே இருப்பாரு.”

“போயிட்டு வா புள்ள, கல்யாணம் நின்னுடக் கூடாது” என்றது குழவி.

அம்மி போனது. மாப்பிள்ளை பெண்ணின் காலை எடுத்து அதன்மேல் வைத்தபோது, “இந்த அம்மி மாதிரி புருஷனைப் பிரியாம இருக்கணும்” என்று பெரியவர்கள் வாழ்த்தினார்கள். அம்மி பந்தியில் உட்காராமலே திரும்பிவிட்டது.

“சாப்பாடு எப்படி?” என்றது குழவி.

“வயிறு முட்டச் சாப்பிட்டேன். பாயசம் ரெண்டு தடவை வாங்கினேன்.”

குழவிக்கு இன்றுவரை அதில் ஏக சந்தோஷம். ஆகவே, நான் சொன்னேனென்று அதனிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.